‘என்ன எழுதறதுன்னு தெரியல’: நியூயார்க் பி.எஸ். 61 பள்ளியின் கவிதை வகுப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

கவிதை எழுதச் சொன்னால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கப்படும் வைத்தியம் இரண்டு. ஒன்று, “மழையைப் பற்றி நாலு வரி எழுது” என்று தலைப்புக் கொடுப்பது. மற்றது, “மனசுல தோணறதை எழுது” என்று விட்டுவிடுவது. முதலாவதில் பாடப்புத்தகத்து மழை வரும். இரண்டாவதில் வெள்ளைத்தாள் வரும். 1968-இல் நியூயார்க்கின் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாவது வழி ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. கொஞ்சம் கோமாளித்தனமான ஒரு சின்ன விதியைக் கொடுத்து, எழுதியதை அங்கேயே, அப்போதே உரக்கப் படிப்பது. கேட்க எளிது. பின்பற்றியவர்களில் பலர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கோட்டைவிட்டதால், எது எதற்காக வைக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளியும் ஏற்பாடும்

பி.எஸ். 61 (பி.எஸ். என்றால் ‘பப்ளிக் ஸ்கூல்’), மன்ஹாட்டனின் கிழக்கு 12-ஆம் தெருவில், அவென்யூ பி-க்கும் அவென்யூ சி-க்கும் நடுவில் இருந்த பொதுப்பள்ளி. அன்று அது வசதியான வட்டாரம் அல்ல. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் போர்ட்டோ ரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே நிறைய. அந்தப் பள்ளிக்குள் வந்தவர் கென்னத் கோக் (1925–2002). கவிஞர், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர், ஜான் ஆஷ்பெரி, ஃபிராங்க் ஓ’ஹாரா ஆகியோரோடு சேர்த்துப் பேசப்படும் நியூயார்க் கவிஞர் வட்டத்தைச் சேர்ந்தவர். பெரியவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த அனுபவம் இருந்தது. இலக்கியத்தின் மேல் எந்தக் கடமையும் இல்லாத எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதுதான் அவருக்குப் புதுக் கேள்வி. 1967-இல் தொடங்கப்பட்ட, எழுத்தாளர்களைப் பள்ளிகளோடு இணைக்கும் ‘டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் கொலாபரேட்டிவ்’ அமைப்பு இந்த முயற்சிக்குத் துணை நின்றது.

ஓவிய ஆசிரியர் வருவதுபோல, கோக் வாரத்தில் இரண்டு மூன்று மதியம் வருவார். ஒரு மதியத்துக்கு மூன்று வகுப்பு, வகுப்புக்கு 40 நிமிடம். சிறப்பாசிரியர் வந்தால் வகுப்பாசிரியர் ஓய்வறைக்குப் போவது வழக்கம். இங்கே அப்படி விடவில்லை. கூடவே இருக்கச் சொன்னார். கைக்கு ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. பின்னாளில் இதை நகலெடுத்த பல இடங்களில் முதலில் கைவிடப்பட்டது இந்த ஏற்பாடுதான். விருந்தாளிக் கவிஞர் வருவார், வகுப்பு குதூகலிக்கும், அவர் போனதும் பழையபடி ‘அழகிய காட்சி’ என்ற தலைப்பில் எழுதச் சொல்லிச் சிவப்பு மசியில் திருத்துவது தொடரும்.

முதல் வகுப்பு

தொடங்கியது ஐந்தாம் வகுப்பில். ஆளுக்கொரு கவிதை கேட்கவில்லை. வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே கவிதை, ஆளுக்கு ஒரே வரி. நிபந்தனைகள்: வரி ‘எனக்கு ஆசை’ என்ற பொருள் தரும் சொற்களோடு தொடங்க வேண்டும், அதில் ஒரு நிறம் வர வேண்டும், சித்திரக்கதைப் பாத்திரம் ஒன்று வர வேண்டும், ஏதாவது ஒரு நகரம் அல்லது நாடு வர வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்வதானால், தேனியில் பச்சை நிற சோட்டா பீமோடு இட்லி விற்க ஆசை என்கிற தினுசு. வரிகளைத் தாளில் வாங்கி, சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்து, ஒரே கவிதையாக உரக்கப் படித்தார். விதியை எல்லாரும் சரியாகப் பின்பற்றவில்லை. ஆனாலும் வகுப்பு சிரித்தது, வெட்கப்பட்டது, இருக்கையில் குதித்தது.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வரிதான் என்பதால் சோம்பல் பிள்ளைக்கும் சாக்கு இல்லை. நிறம், பாத்திரம், ஊர் என்று மூன்று பொருளைத் தேட வேண்டியிருப்பதால், ‘உணர்ச்சி’ என்ற கண்ணுக்குத் தெரியாத சரக்கைத் தேடிப் பிள்ளை திண்டாட வேண்டியதில்லை. சித்திரக்கதைப் பாத்திரம் உள்ளே வந்ததுமே, கவிதை என்றால் நிலா, பூ, தாய்மை என்ற பயம் போய்விடுகிறது. தாள்கள் கலைக்கப்படுவதால் எந்த வரி யாருடையது என்று தெரியாது. மோசமான வரிக்கு மானம் போகாது, நல்ல வரிக்கு எழுதியவனே ரகசியமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியும் ஒரே சொற்களோடு தொடங்குவதால், சம்பந்தமில்லாத முப்பது வரிகளும் படிக்கும்போது ஒரே பாட்டாகக் கேட்கின்றன. தான் எழுதியது கவிதையாகக் காதில் விழும் அனுபவம், எழுதத் தொடங்கிய பத்தாவது, பதினைந்தாவது நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. தயங்கும் பிள்ளைக்கு இந்த வேகம்தான் மருந்து. அடுத்த வாரம் திருத்தித் தருகிறேன் என்றால் ஆறிப்போன தோசை.

இதே நான்கு நிபந்தனைகளையும் வைத்துத் தனித்தனியாக எழுதச் சொன்னால் பிள்ளை திணறும். ஒரு வரிக்கு அது விளையாட்டு. பத்து வரிக்கு அது கணக்குப் பாடம். தனிக்கவிதைக்கு அவர் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வரியும் ஆசையில் தொடங்க வேண்டும். நிஜ ஆசையும் ஆகலாம், நடக்கவே நடக்காத கிறுக்கு ஆசையும் ஆகலாம்.

விதி எப்படி இருக்க வேண்டும்

அடுத்தடுத்து வந்த பயிற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் விதி செய்யும் சூத்திரம் பிடிபடும். ஒப்புமைக் கவிதை: வரிக்கு ஒரு ‘போல’. ஓசைக் கவிதை: அறைக்குள் சத்தம் எழுப்பி, இது எந்தச் சொல் மாதிரி கேட்கிறது என்று கேட்டு, அந்தச் சொற்களை வரிகளுக்குள் கொண்டுவருவது. கனவுக் கவிதை. நிறக் கவிதை: ஒரே நிறம் எல்லா வரியிலும், அல்லது வரிக்கொரு நிறம். பொய்க் கவிதை: வரிக்கு ஒரு பொய். பிறகு ‘முன்பு நான்... ஆனால் இப்போது நான்...’ என்ற இரட்டை வரிகள். ‘பார்த்தால் நான் இப்படி, உண்மையில் நான் இப்படி’ என்பது அதற்கும் ஒரு படி ஆழம்.

இவற்றில் எதுவும் தலைப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ‘கனவு’ ஒன்றுதான் தலைப்பை நெருங்குகிறது. மற்றதெல்லாம் வாக்கிய அச்சுகள். தலைப்பு பிள்ளையிடம் ‘என்ன தெரியும்?’ என்று கேட்கிறது. தெரியாதவன் வாயை மூடிக்கொள்கிறான். அச்சு, அடுத்த வரிக்கு ஒரு காலியிடத்தைக் காட்டுகிறது. எதையாவது போட்டு நிரப்பத் தோன்றுகிறது. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால் பேனா நிற்பதில்லை. ‘என்ன எழுதறதுன்னு தெரியல’ என்ற வாக்கியம் பெரும்பாலும் இரண்டாம் வரியில் வருவது. முதல் வரியை எப்படியோ எழுதிவிடுவார்கள்.

நல்ல அச்சுக்கு இன்னொரு குணமும் வேண்டும்: பள்ளியில் சாதாரணமாக அனுமதி இல்லாத ஏதாவது ஒன்றை அது அனுமதிக்க வேண்டும். ஆசைப்படலாம், பொய் சொல்லலாம், சத்தம் போடலாம். ‘உண்மை பேசுதல்’ என்று வரிக்கு வரி எழுதச் சொன்னால் நீதிநூல்தான் கிடைக்கும். பொய்க் கவிதை என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் தலைமையாசிரியர் இருந்தால் ‘புளுகு மூட்டை’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

‘முன்பு – இப்போது’ அச்சு வேறு வகை. அது கிறுக்குத்தனத்தில் தொடங்கி நிஜத்தில் கொண்டுபோய் விடும். முதல் மூன்று வரி ‘முன்பு நான் மீன், இப்போது நான் மீன்காரன்’ என்று போகும். அப்புறம் பிள்ளைக்குத் தன் சொந்தக் கதை தட்டுப்படும்: முன்பு நான் பஸ்ஸில் அம்மா மடியில், இப்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு. இதை முதல் வாரத்திலேயே கொடுத்தால் வெறும் மேலோட்டமான வரிகள்தான் வரும். ஆசையும் ஒப்புமையும் பழகிய பிறகு, ஐந்தாவது ஆறாவது பயிற்சியாகக் கொடுத்தால் ஆழம் வரும்.

இயைபு ஏன் தள்ளிவைக்கப்பட்டது

வரிகளின் இறுதி ஓசை ஒத்துப்போக வேண்டும் (அதுதான் இயைபு) என்று கேட்கவே கூடாது என்பது கோக் தெளிவாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஓசையைத் தேடும் முயற்சி, பிள்ளையின் எண்ண ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது என்பது அவர் கண்டது. காரணம் இயந்திரம் போல எளிது: ‘பாட்டு’ என்று முதல் வரி முடிந்தால், பிள்ளை அடுத்துச் சொல்ல விரும்புவதைச் சொல்லாமல் ‘வீட்டு, ஓட்டு, மாட்டு’ என்று தேடப் போகிறது. கிடைத்த சொல் எங்கே இழுக்கிறதோ அங்கே கவிதை போகிறது. இயைபுக்குப் பதிலாக அவர் கொடுத்தது திரும்பத் திரும்ப வரும் தொடக்கம். காதுக்கு வேண்டிய தாளம் அதிலேயே வந்துவிடுகிறது.

தமிழ் வகுப்பில் இதில் ஒரு சிறு மாற்றம் தேவைப்படும். நம் வாக்கியத்தில் ‘வேண்டும்’, ‘போல’ எல்லாம் இயல்பாகக் கடைசியில்தான் உட்காரும். அதை வலுக்கட்டாயமாக முன்னால் தள்ளினால் வரி செயற்கையாக ஒலிக்கும். கடைசியிலேயே இருக்கட்டும்; ஒவ்வொரு வரியும் ‘வேண்டும்’ என்று முடியும்போது, தேடாமலே இயைபு கிடைத்துவிடுகிறது. பிள்ளையின் மூளை வரியின் முன்பகுதியில் சுதந்திரமாக அலையலாம்.

அறைக்குள் நடப்பது

எழுதும்போது வகுப்பு அமைதியாக இருக்கவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. பேசிக்கொண்டார்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள். ஓவிய வகுப்பில் எந்த அளவு சத்தம் இருக்குமோ அந்த அளவு. பக்கத்துப் பிள்ளையின் வரியைப் பார்த்து எழுதுவது இங்கே காப்பியடிப்பது ஆகாது. ‘நீ யானை மேல போனா நான் டைனோசர் மேல போறேன்’ என்ற போட்டிதான் பல வரிகளைப் பிறப்பிக்கிறது. தேர்வு அறைபோல வரிசையாகப் பிரித்து உட்காரவைத்தால் இந்த ஊற்று அடைபட்டுவிடும்.

எழுத்துப்பிழை அந்த 40 நிமிடத்துக்குள் பேசப்படுவதே இல்லை. ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று பிள்ளையே கேட்டால் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ‘ர’வா ‘ற’வா என்ற தயக்கத்தில், பிள்ளை தனக்குத் தெரிந்த சுமாரான சொல்லுக்குத் தாவுவதை எந்தத் தமிழாசிரியரும் பார்த்திருப்பார். ‘நொறுங்கியது’ என்று எழுத வந்தவன் ‘உடைந்தது’ என்று எழுதிவிட்டுப் போவான். படி எடுக்கும்போது ஆசிரியரே திருத்திக்கொள்ளலாம். வரியின் சொற்களை மட்டும் மாற்றக் கூடாது.

எழுதவே தெரியாத சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாயால் சொல்ல, பெரியவர்கள் எழுதிக்கொண்டார்கள். மேல்வகுப்பில் எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கும் இதுவே வழி. சொல்லச் சொல்ல எழுதுபவர் நடுவில் சொல்லை அழகுபடுத்தாமல் இருந்தால் போதும். எழுத்து வராத பிள்ளைக்குக் கவிதை வராது என்ற எண்ணம் முதலில் உடைவது இங்கேதான். எழுத்தில் பின்தங்கியவர்கள் பலர் பேச்சில் படுகெட்டிக்காரர்கள்.

சிக்கிக்கொண்ட பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பது தனிக்கலை. ‘நல்லா யோசி’ என்பது உதவாது. கேள்வி சிறியதாக, பதில் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். ஒப்புமையில் மாட்டிக்கொண்டவனிடம் “இந்த மின்விசிறி என்ன சத்தம் போடுது? உங்க தெருவில வேற எது அப்படிச் சத்தம் போடும்?” என்று கேட்டால் பதில் வரும். பதில் வந்ததும் “அதை அப்படியே எழுது” என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட வேண்டும். நின்று பார்த்தால் கை நடுங்கும். பெரியதைச் சின்னதோடு, பள்ளிக்குள் இருப்பதை வெளியே இருப்பதோடு ஒப்பிடச் சொல்வதும் வேலை செய்யும். தேய்ந்த உவமைகள் அங்கே செல்லாது.

ஆசிரியருக்கு மிகக் கடினமானது பாராட்டுவதுதான். ‘வகுப்பிலேயே இதுதான் சிறந்த கவிதை’ என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தால், மறுவாரம் முப்பது பேரும் அதே மாதிரி எழுதுவார்கள். தயங்கும் பிள்ளை முற்றாக ஒதுங்கிவிடும். வரியைப் பாராட்டலாம், ஆளைத் தரம் பிரிக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு நல்ல வரியைப் பெயர் சொல்லாமல் உரக்கப் படித்தால், மற்றவர்களுக்கு ‘இப்படியும் எழுதலாமா’ என்று தைரியம் வரும். மதிப்பெண் கிடையவே கிடையாது. தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, எல்லாருக்கும் கொடுத்தார்கள். தன் வரியை அச்செழுத்தில் பார்க்கும் பிள்ளை அடுத்த வாரம் எழுதும் வேகமே வேறு.

ஸ்பானியச் சொற்கள்

அந்த வகுப்புகளில் ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்ட போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி இருந்தது. ஸ்பானியச் சொற்கள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஆங்கிலக் கவிதைக்குள் அவற்றைக் கலக்கச் சொன்னது. வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டு எழுதும் பிள்ளையிடம், இப்போது மற்றவர்கள் வந்து உச்சரிப்புக் கேட்டார்கள். நம் பள்ளிகளில் தெலுங்கோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ, இந்தியோ வீட்டில் பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால், பத்துச் சொல் அவர்களிடமிருந்தே வாங்கிப் பலகையில் போடலாம். இருந்தாலும் ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்தி ‘உங்க பாஷையில சொல்லு’ என்று கேட்பது வேறு விஷயம். அது காட்சிப்பொருள் ஆக்குவது.

பெரிய கவிதைகள் எப்போது வந்தன

எழுதிப் பழகியபின்தான் பெரியவர்களின் கவிதை உள்ளே வந்தது. பிளேக்கின் புலிக் கவிதை, டன், ஹெரிக், ஷேக்ஸ்பியரின் பாடல்கள், விட்மன், வாலஸ் ஸ்டீவன்ஸ், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், லோர்க்கா, ராம்போ. ‘குழந்தைகளுக்கானது’ என்று யாரும் எழுதிவைக்காத கவிதைகள். முறை ஒன்றே: கவிதையைப் படிப்பது, தடுக்கும் சொற்களுக்குப் பொருள் சொல்வது, அந்தக் கவிதைக்குள் இருக்கும் எழுதும் யோசனை எது என்று ஒரே வாக்கியத்தில் எடுத்துக்கொடுப்பது, உடனே எழுத விடுவது. புலிக்கு: ஒரு மர்மமான உயிரிடம் நேரே பேசு, அதனிடம் கேள்வி கேள். வில்லியம்ஸின் குறுங்கவிதைக்கு: உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும் ஒரு தப்புக்கு மன்னிப்புக் கேள். இந்த இரண்டாவதற்கு விளக்கமே தேவைப்படாது. தம்பி தங்கை உள்ள எவருக்கும் கைவசம் சரக்கு இருக்கும். இந்தப் பாடங்கள் 1973-இல் நூலாக வந்தன. முதல் கட்டத்தின் நூல் 1970-இலேயே வந்துவிட்டது.

நம் பாடத்திட்டத்தில் வரிசை தலைகீழ். முதலில் மனப்பாடச் செய்யுள், அருஞ்சொற்பொருள், பகுபத உறுப்பிலக்கணம். எழுதுவது கடைசியில், அதுவும் நயம் பாராட்டலாக. மனப்பாடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாவில் நிற்கும் செய்யுள் பின்னாளில் உதவும். ஆனால் மதிப்பெண்ணுக்காக விழுங்கிய பாட்டுக்குள் ஒரு எழுதும் யோசனை ஒளிந்திருப்பதைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். என் தாய்க்கும் உன் தாய்க்கும் என்ன உறவு, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் சொந்தம், நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று கேள்வியாக அடுக்கிப் போய், செம்மண்ணில் பெய்த நீர் என்ற ஒற்றை உவமையில் முடிகிறது. காதலை ஒதுக்கிவிட்டு இதை ஏழாம் வகுப்பில் கொடுக்க முடியும்: உன் உயிர்த் தோழனிடம் மூன்று கேள்வி கேள், கடைசியில் ஒரு ‘போல’. பாட்டைத் தொடாமல் அச்சை மட்டும் கொடுத்து எழுதவைத்து, அதன்பின் பாட்டைப் படித்துக் காட்டினால் பலன் இரட்டிப்பு. அந்தப் பாட்டை எழுதிய செம்புலப்பெயனீரார் அப்போது பக்கத்து பெஞ்சுக்காரர் ஆகிவிடுகிறார்.

40 நிமிடத்தைப் பிரிப்பது

முதல் ஐந்து நிமிடத்துக்குள் விதி சொல்லி முடிந்துவிட வேண்டும். அடுத்த ஐந்து, வாய்வழி வரிகள்: ஆசிரியர் ஒன்று சொல்ல, வகுப்பு ஏழெட்டு எறியட்டும். ஆசிரியர் சொல்லும் மாதிரி வரி கொஞ்சம் அசட்டுத்தனமாக இருப்பது நல்லது; அற்புதமான வரி சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். பிறகு எழுத 15 முதல் 18 நிமிடம். மீதி முழுக்கப் படிப்பதற்கு. பெரும்பாலும் பிசகுவது இங்கே: எழுதும் நேரம் நீண்டுபோய், மணி அடிக்க, ‘மீதி அடுத்த வாரம் படிக்கலாம்’ ஆகிவிடும். படிக்காத வகுப்பு பாதி வகுப்பு. நேரம் இல்லையென்றால் எழுதுவதை வெட்ட வேண்டும், படிப்பதை வெட்டக் கூடாது. வீட்டுப்பாடமாக அனுப்புவது அதைவிட மோசம். அங்கே சத்தம் இல்லை, பக்கத்துத் தாள் இல்லை, அக்கா எழுதிக் கொடுத்துவிடுவாள்.

ஆட்சேபங்கள்

இது கவிதையே அல்ல, வெறும் வரிப்பட்டியல் என்று அமெரிக்காவிலேயே கடுமையாக எழுதினார்கள். அச்சைக் கொடுத்தால் அச்சு கவிதை எழுதுகிறது, பிள்ளை எழுதவில்லை என்பது வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. ஆசைக் கவிதையை மூன்றாம் முறை கொடுத்தால் ஐஸ்கிரீம், சைக்கிள், விடுமுறை என்று ஒரே பட்டியல் திரும்பி வரும். அச்சு தேய்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். தூக்கிப் போட்டுவிட வேண்டும். விதி போட்டதும் வகுப்பு வேலை செய்கிறதே என்று வருடம் முழுக்க விதியிலேயே ஓட்டும் ஆசிரியர் விமர்சகர்களுக்குத் தீனி போடுகிறார். திருத்தி எழுதும் பழக்கம் இந்த முறையில் மெலிந்துதான் இருக்கிறது என்பதும் உண்மை. முதல் பத்து வகுப்புக்கு அது குறையே இல்லை. வருடக் கடைசியிலும் அப்படியே இருந்தால் குறைதான்.

மற்றப் பாதி வாதம் நிற்காது. ஒதுங்கி உட்கார்ந்த பிள்ளைக்கு முன்னால் இருந்தது நல்ல கவிதையா, மோசமான கவிதையா என்ற தேர்வு அல்ல. பத்து வரியா, வெள்ளைத்தாளா என்பதுதான். பத்து வரி எழுதியவனிடம் ஏழாவது வரியைப் பற்றிப் பேச முடியும். அந்த ஏழாவது வரியில் பெரும்பாலும் பட்டியல் உடைந்து, நிஜமாக ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டி, “இதை மட்டும் வெச்சு இன்னொண்ணு எழுதறியா?” என்று கேட்கலாம். அப்போது பிள்ளை “ஒவ்வொரு வரியும் ‘வேண்டும்’னு முடியணுமா சார்?” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.